தல்லாகுளத்தில் செல் கடை போட நினைப்பவருக்கு

நான் ஒரு கைத்தொலைபேசியைப் பிரித்துப்போட்டு வேலை செய்யும்போது, எனக்கும் விளக்குக்கும் நடுவில் குறைந்தது இரண்டு தலைகளாவது இருக்கும். ஒன்று போனுக்குச் சொந்தக்காரருடையது. மற்றது யாருடையது என்று எனக்கும் தெரியாது, சொந்தக்காரருக்கும் தெரியாது. பால் வாங்கப் போனவர் அப்படியே நின்றிருப்பார். "அண்ணே, வெளிச்சம் மறைக்குது" என்றால் பதறிப்போய் விலகுவார். விலகி, மறுபக்கமாக வந்து அதே தலையை நீட்டுவார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "பொழச்சுக்கிருமாண்ணே?" என்று உண்மையான கவலையோடு கேட்பார். அடுத்தவன் போன் ஐயா அது! மதுரைக்கு வந்து சில வருடங்கள் ஓடிவிட்டன. இது மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை.

மலேசியாவில், ஈப்போவில் நான் வேலை பார்த்த பிளாசாவில் இப்படி ஒரு கூத்து கிடையாது. வாடிக்கையாளர் முன்னால் இருக்கும் பெண்ணிடம் ஹேண்ட்போனைக் கொடுப்பார், ஒரு சீட்டை வாங்குவார், மேல்மாடிக்குப் படம் பார்க்கப் போய்விடுவார். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் குளிர்சாதனத்தில் உட்கார்ந்திருப்பேன். என் முகம் அவருக்குத் தெரியாது, அவர் முகம் எனக்குத் தெரியாது. பாதிப் பேர் பழுது பார்க்கவே மாட்டார்கள், புதிதாக ஒன்றை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மதுரையிலோ ஒரு செல்லைக் கீழே போட்டு, அதன் மேல் பைக் ஏறி, மூடி பிளந்து, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய பிறகும், "இன்னும் ரெண்டு வருசம் ஓடும்ணே" என்பார்கள். சொன்னபடி ஓடவும் செய்யும்!

போன வாரம் கிள்ளானிலிருந்து ஒரு கூட்டாளி பேசினான். தன் மனைவியின் ஊர் இந்தப் பக்கம், இங்கேயே வந்து ஒரு சின்ன ரிப்பேர் கடை போடலாமா, என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டான். அவனுக்கும், அவனைப் போல் யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஈயம் பற்றவைக்கும் இரும்பு, சூடான காற்று ஊதும் மெஷின், மீட்டர், சின்னச் சின்னத் திருப்புளிகள், ஒரு புட்டி ஸ்பிரிட், பழைய பல்துலக்கும் பிரஷ். இவற்றையெல்லாம் டவுனுக்குள் ஒரே நாளில் வாங்கிவிடலாம். கூடவே, பேச மட்டும் செய்கிற பழைய செட் ஒன்று கடையில் எப்போதும் இருக்கட்டும். பழுது பார்க்கும்வரை வாடிக்கையாளரின் சிம்மை அதில் போட்டுக் கொடுத்தால் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார். கடை எப்படி இருக்க வேண்டும் என்பதைவிட எப்படி இருக்கக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்படி ஒரு கடையைத்தான் முதலில் கட்டினேன்.

மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அம்மாவைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று என் மனைவி புவனா அழுதாள். கிளம்பி வந்தோம். சித்திரைத் திருவிழா வரைக்கும் பார்ப்பது, அதற்குள் கடை எழுந்து நிற்காவிட்டால் மாமியாரை மச்சான் பொறுப்பில் விட்டுவிட்டு ஈப்போவுக்கே திரும்பிவிடுவது என்று எங்களுக்குள் பேச்சு. ஈப்போவில் என் அம்மா தனியாக இருந்தார். அவரிடமும் அதையேதான் சொல்லியிருந்தேன். "சித்திரை முடிஞ்சதும் சொல்றேம்மா." ஒரு அம்மாவுக்கு நல்லது நடந்தால் இன்னொரு அம்மாவுக்குக் கெட்டது. இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

கடை புவனாவின் பெயரில், தல்லாகுளத்தில் ஒரு பக்கவாட்டுத் தெருவில். ஈப்போ நினைப்பில் பளபளவென்று ஒரு பிளைவுட் தட்டி அடித்தேன். முன்னால் மேசை, தட்டிக்குப் பின்னால் நான். கப்பலூரில் ஃபேக்டரி வேலை பார்க்கும் மச்சான் பாண்டிதான் லீவு போட்டுவிட்டு வந்து தட்டியை முடுக்கிக் கொடுத்தார். முடித்ததும் தலையைச் சொறிந்துகொண்டு, "மாப்ள, வாரவுகளுக்கு உள்ள ஒன்னுமே தெரியாதே?" என்றார். அதற்காகத்தான் அடித்தது என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

முதல் மாதத்தில் முத்துராக்கு என்று ஒருவர் வந்தார். வண்டியூர்க்காரர், லோடு வண்டி ஓட்டுபவர். அவருடைய செல்லை வாங்கிக்கொண்டு நான் உள்ளே திரும்பியதும் பதறிவிட்டார்.

"அண்ணே, எங்கண்ணே கொண்டுபோறீங்க?"

"உள்ள வச்சுப் பார்க்கணும். நாளைக்கு வந்து எடுத்துக்குங்க."

"இங்கனயே பிரிங்களேன். நான் நிக்கிறேன்."

"நம்பிக்கை இருந்தா குடுங்க. இல்லாட்டி வேற கடை பாருங்க" என்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பன்னிரண்டு வருடத் தொழில்காரனைத் திருடன் என்கிறாரே!

அவர் கோபப்படவே இல்லை. "தப்பா நெனைக்காதீங்கண்ணே" என்று செல்லை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்தடுத்து வந்தவர்களும் அப்படித்தான். தட்டியைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள். "சொந்த ஊரு எதுண்ணே?" என்பார்கள். ஈப்போ என்பேன். "அது சரிண்ணே, சொந்த ஊரு?" என்று மறுபடியும் கேட்பார்கள். மலேயாவின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போன பூட்டன் இந்தப் பக்கத்து ஆள்தான் என்றும், எந்தக் கிராமம் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது என்றும் சொன்னால், உச்சுக்கொட்டி என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருவர் டீ கூட வாங்கிக் கொடுத்தார். செல்லை மட்டும் கொடுக்கவில்லை.

இதற்கிடையில் என் வாயும் என்னைக் கெடுத்தது. கடையைத் திறந்த கையோடு ஒரு அம்மா போனை நீட்டினார். பார்த்துவிட்டு, "இது செத்துப்போச்சும்மா" என்றேன். எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்லுவோம். அந்தம்மா காதைப் பொத்திக்கொண்டார். "வெடிஞ்சும் வெடியாம வாயில நல்ல சொல்லே வராதா ஒனக்கு?" என்று கேட்டுவிட்டு வேகமாகப் படியிறங்கினார். கிள்ளான் கூட்டாளி, குறித்துக்கொள். "கொஞ்சம் பலவீனமா இருக்கும்மா, பாப்போம்" என்று சொல்ல வேண்டும்.

பங்குனி முடிவதற்குள் எனக்கு நம்பிக்கை விட்டுப்போய்விட்டது. மேசையைத் துடைப்பதும் விசிறிக்கொள்வதும்தான் வேலை. அம்மாவிடம் பேசும்போது அவர் குரலில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்க்கும், அதை அவரே அமுக்கிக்கொள்வார். புவனா தன் அம்மாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்ப்பாள்.

சித்திரை வந்தது. அழகர் ஆற்றில் இறங்கும் அன்று விடிகாலையில் பாண்டி என்னை வைகைக்கு இழுத்துக்கொண்டு போனார். எங்கள் பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்தை அறிந்தவன் நான், கூட்டம் எனக்குப் புதிதல்ல என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அம்மாடியோவ்! இரண்டு கரையும் பாலமும் மொட்டைமாடிகளும் ஆட்கள். அழகர் வேஷம் கட்டியவர்கள் தோல்பையில் தண்ணீரை நிரப்பித் துருத்தியால் வானத்தைப் பார்த்துப் பீய்ச்சுகிறார்கள். ஒருவர் விடாமல் நனைகிறார்கள். யாரும் ஒதுங்கவில்லை, இன்னும் கொஞ்சம் மேலே படட்டும் என்று முன்னால் போகிறார்கள். தங்கக் குதிரை தெரிந்ததும் கிளம்பிய சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. சாமி நம்பிக்கை அவ்வளவாக இல்லாதவன், என்னை அறியாமல் கையைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தேன். பக்கத்தில் பாண்டி அழுதுகொண்டிருந்தார்.

நேராகக் கடைக்கு வந்து திறந்தேன். அன்றைக்கு யாரும் கடை திறப்பதில்லை என்பது எனக்குத் தெரியாது. அந்தத் தெருவில், ஏன் அந்த வட்டாரத்திலேயே, திறந்திருந்த செல் கடை என்னுடையது ஒன்றுதான். உட்காரக்கூட இல்லை, சொட்டச் சொட்ட நனைந்து முத்துராக்கு வந்து நின்றார். கையில் அதே செல்.

"தம்பி சிங்கப்பூர்ல இருக்கான்ணே. வருசா வருசம் வந்துருவான், இந்த வருசம் லீவு தரல. சத்தத்தையாச்சும் கேக்கட்டும்னு போனப் போட்டு மேல தூக்கிப் பிடிச்சேன். பாவிப்பய ஒருத்தன் நேரா அதும்மேலயே பீச்சிட்டான்."

மூடியைத் திறந்தேன். உள்ளே வெள்ளையாகக் களி மாதிரி ஏதோ அப்பியிருந்தது. எத்தனையோ போன்களை மேலுலகத்துக்கு அனுப்பிய எனக்கே அது என்னவென்று தெரியவில்லை.

"துண்ணூறுண்ணே" என்றார். "தண்ணி கோத்துக்கிருச்சுல்ல, இழுக்கட்டும்னு எங்க ஆத்தா போட்டுவிட்டுச்சு."

குளித்து வந்த பிள்ளைகளின் தலையில் நீர் கோத்துக்கொள்ளாமல் இருக்கத் திருநீறு தேய்த்துவிடுவார்களே, அந்த வைத்தியம். உலகத்தில் எந்தத் தொழிற்சாலையும் இதை எதிர்பார்த்து போன் செய்திருக்க முடியாது. எனக்குச் சிரிப்பு வந்தது, அந்த ஆத்தாவை நினைத்து மனசும் இளகியது. நிமிர்ந்து பார்த்தால் அவருக்குப் பின்னால் வாசல்வரைக்கும் ஆட்கள், எல்லோர் கையிலும் ஈரச் செல். பாதிக்கு மேல் திருநீறு!

பாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். "இம்புட்டுப் பேர எங்குட்டு மாப்ள வச்சுப் பாப்பீங்க? தட்டியக் கழட்டுவோம்." நான் பதில் சொல்வதற்குள் திருப்புளியை எடுத்துவிட்டார். நாலு பேர் கைகொடுக்க, என் பளபளப்பான தட்டி தெருவில் இரண்டு ஸ்டூல்களின் மேல் மேசையாகப் படுத்துவிட்டது.

ஈரம் பட்ட செல்லுக்கு முதல் காரியம், பேட்டரியைப் பிடுங்குவது. உயிர் இருக்கிறதா என்று பட்டனை அமுக்கிப் பார்ப்பவன் கையை முதலில் தட்டிவிட வேண்டும். பிறகு சிம். பிறகு ஸ்பிரிட்டில் பிரஷ்ஷைத் தொட்டுக் கழுவி வெயிலில் வைக்க வேண்டும், டிஸ்ப்ளே மேல் மட்டும் துணி போட்டு. வரிசையாகச் செய்துகொண்டே போனேன். சீட்டு இல்லை, டோக்கன் இல்லை. பெரும்பாலும் ஒரே மாதிரிச் சாம்பல்நிறச் செல்கள், எல்லாம் பிரிந்து கிடக்கின்றன. எது யாருடையது என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது. ஒவ்வொருவரும் தன் செல்லுக்கு நேராகத் தெருவிலேயே குத்தவைத்துவிட்டார்கள். திருவிழாவில் தர்மத்துக்குக் கொடுத்த விசிறியை எடுத்து, செல்லுக்கு விசிற ஆரம்பித்தார்கள். தண்ணீர் குடிக்கப் போனவரின் செல்லுக்குப் பக்கத்து ஆள் சேர்த்து விசிறினார். எனக்கு வேலை ஓடவில்லை. பிரஷ்ஷைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

"அன்னைக்கு என்னைச் சந்தேகப்பட்டுத்தானே போனீங்க?" என்று முத்துராக்குவிடம் கேட்டேன்.

"அய்ய, சந்தேகமா?" விசிறியை நிறுத்தாமலே சொன்னார். "ஆத்தாவ ஆசுபத்திரில சேத்தப்ப, வீட்ல ஒரு ஆளு பாக்கியில்லாம போயி வராந்தாவுலயே கெடந்தோம். டாக்டரு மேல சந்தேகமாண்ணே? உள்ள நம்ம ஆளு கெடக்கைல, விட்டுட்டு எப்பிடிண்ணே வீட்டுக்குப் போறது?"

ஆமாம் ஐயா. நாங்கள் வந்து இறங்கிய அன்று, மாமியார் படுத்திருந்த மருத்துவமனை வாசலில் அந்தத் தெருவே உட்கார்ந்திருந்ததை நானும் பார்த்தவன்தானே. அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அடுத்த செல்லை எடுத்து, சொந்தக்காரரின் கண்ணெதிரிலேயே பிரித்தேன்.

எல்லாச் செல்லும் பிழைக்கவில்லை. பிழைக்காததை எடுத்துக்கொண்டு போனவர்களும், "நீங்க எம்புட்டுப் பாத்தீங்க, அதுக்கு விதி அம்புட்டுத்தான்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். முத்துராக்குவின் செல்லுக்குப் பாதித் திரைதான் வந்தது. பேச்சு வந்துவிட்டது. "போதும்ணே, பேசத்தான செல்லு" என்று அங்கேயே நின்று தம்பிக்குப் போட்டார். என்ன சொல்லியிருப்பான் அந்தத் தம்பி, தெரியாது. இவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கேட்டுச்சா? நல்லாக் கேட்டுச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

தட்டியை நான் திரும்ப மாட்டவே இல்லை. தெருவில் போட்டுப் பார்த்த கடை என்று கப்பலூர் வரைக்கும் பேச்சு போய்விட்டது. வாசலில் ஆள் நிற்காத பொழுதில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு புவனா, "அப்ப இருக்கமாங்க?" என்றாள். தலையாட்டினேன். அவள் அழுதாள், நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஈப்போவிலிருந்து அம்மாவே கூப்பிட்டுவிட்டார். எதிரில் ஒருவர், பிரிந்து கிடக்கும் தன் செல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடை எப்படிய்யா போகுது?"

"நல்லாப் போகுதும்மா."

"ஆள் வராங்களா?"

"நிறைய வராங்கம்மா."

எதிரில் நின்றவர் சைகையில் யாரென்று கேட்டார். அம்மா என்றேன். "நான் கேட்டதாச் சொல்லுங்கண்ணே" என்றார், என் அம்மாவை முன்பின் பார்த்திராத அந்த மனிதர். சொன்னேன்.

"நல்லாயிருக்கட்டும்" என்றார் அம்மா. பிறகு, "அப்ப உன் ரூம வாடகைக்கு விட்டுடவாய்யா? வேலைக்கு வந்த பையன் ஒருத்தன் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கான். நீ வந்துருவேன்னு நான்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"விட்டுடுங்கம்மா" என்றேன். அவர் போனை வைத்துவிடப்போகிறார் என்று தெரிந்து அவசரமாகச் சொன்னேன். "சன்னல் கொக்கி சும்மா மாட்டினா மாட்டாதும்மா. கதவைக் கொஞ்சம் மேல தூக்கிட்டு மாட்டணும். அந்தப் பையன்கிட்ட சொல்லிடுங்க, மழை உள்ள அடிக்கும்."