விளைமீன் சொதிக்கு வைத்திருந்த வைன்

சுவிஸ் நாட்டு வெள்ளை வைனுக்கு எந்தச் சாப்பாடு பொருந்தும் என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியும். சந்தோஷமாகச் சொல்லக்கூடிய பதில் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் அந்தப் போத்தல் ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டுக்கு வந்தது. கப்பல் வேலைக்குப் போன அண்ணன் எப்படியோ சுவிஸ் போய்ச் சேர்ந்து, ஒரு ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். அவனோடு இருந்த, பக்கத்து ஊர்ப் புளியங்கூடல்காரர் ஒருவர் தன் தங்கையின் கலியாணத்துக்கு வந்தபோது போத்தலையும் ஒரு கசெற்றையும் தந்துவிட்டுப் போனார். அம்மா அதற்கு முன்பே செத்துவிட்டார். வீட்டில் நானும் ஐயாவும்தான்.

இரவல் ரேடியோவில் கசெற்றைப் போட்டு அண்ணனின் குரலைக் கேட்டோம். "ஐயா, இது வெள்ளை வைன். நல்லாக் குளிராக்கிக் குடிக்கோணும். இங்க ஏரி மீனோடயும் உருக்கின சீஸோடயும் குடிக்கிறவை. சீஸ் சாப்பிடேக்க பச்சைத்தண்ணி குடிக்க விடாயினம். வயித்துக்க போய்க் கட்டியாகிடுமாம்."

"வெள்ளைக்காரனுக்கும் வயித்துக்குத்து வருந்தானே," என்றார் ஐயா.

போத்தலைத் திறக்க அவர் விடவில்லை. "அவன் வரட்டும். மோனோட இருந்து குடிக்கிறன்." கோயிலுக்குப் போடும் வேட்டி சால்வைகளுக்கு நடுவே அலுமாரியில் நிமிர்த்தி வைத்தார். படுக்கவைத்தால் ஒழுகிவிடும் என்று பயம்.

ஐயா கடலுக்குப் போகிறவர், கள்ளுக் குடிக்கிறவர். விடிய இறக்கிய கள்ளை அன்றைக்கே குடித்து முடிக்க வேண்டும், மறுநாள் வாயில் வைக்க முடியாது என்பது அவருக்குத் தெரியாததா? ஆனால் வெளிநாட்டுப் போத்தல் என்றதும் அது சாராயத்தைச் சேர்ந்தது, வைக்க வைக்கத்தான் ருசி என்று முடிவுகட்டிவிட்டார். ஊரில் விசாரித்த அத்தனை பேரும் ஓமென்று தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவராவது வைன் குடித்திருந்தால் நான் மொட்டை அடித்துக்கொள்கிறேன்.

அதோடு என்ன சாப்பிடுவது என்பதுதான் அவருடைய பெரிய யோசனை. நான் நண்டுக்கறி என்றேன். "விசரே பிள்ளை? உறைப்பு அதைக் கொண்டுபோடும். விளைமீன் பால்சொதி வை. தேசிக்காய்ப் புளி கொஞ்சமா விடு. இடியப்பம் காணும்." மிளகாய்த்தூளில்லாத கறியை ஏறெடுத்தும் பார்க்காத மனிதர் இதைச் சொன்னார். குளிராக்குவதற்கு, துறைமுகத்தில் இறால் ஏற்ற வரும் லொறிக்காரரிடம் ஐஸ் கேட்டும் வைத்திருந்தார். ஒவ்வொரு நத்தாருக்கும், யேசு பாலன் பிறந்த நாளில் அண்ணன் வருவான் என்று, இடியப்பத்துக்கு மா வறுத்தேன். ஒவ்வொரு நத்தாருக்கும் அதை நாங்கள் இரண்டு பேருமே சாப்பிட்டோம்.

பிறகு இன்னொரு கசெற் வந்தது. "ஐயா, நான் வரேலாது. வெளிக்கிட்டால் திரும்பி உள்ள விடாங்கள்." ஐயா ரேடியோவை நிறுத்தினார். போத்தல் அலுமாரியிலேயே கிடந்தது. அவனில் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை.

ஐயாவுக்குத் தொண்டையில் வருத்தம் வந்தது. சோறு இறங்கவில்லை, பிறகு கஞ்சியும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில், விரும்பியதைக் கொடுங்கோ என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும், "பிள்ளை, அதை எடு," என்றார்.

விளைமீன் வாங்கினேன், சொதி வைத்தேன். லொறிக்காரர் சாக்கில் சுற்றி ஐஸ் தந்தார். தக்கையை எடுக்கத் தெரியாமல் அகப்பைக் காம்பால் உள்ளே தள்ளினேன். வைன் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. பழுதாகிவிட்டது என்று மணத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

ஐயா ஒரு மிடறு குடித்தார்.

"இதுவும் கள்ளுத்தான் பிள்ளை. வந்த அண்டைக்கே குடிச்சிருக்கோணும்."

சொதியில் ஒரு கரண்டி மட்டும் இறங்கியது. பிறகு ரேடியோவைக் கொண்டுவரச் சொன்னார். என்ன பேசப்போகிறார் என்று பயந்துகொண்டே, புதுக் கசெற்றைப் போட்டுப் பதியும் பொத்தானை அமத்தினேன். "மோனை, நீ தந்ததைக் குடிச்சனான். நல்லாயிருந்தது. விளைமீனுக்கு நல்ல பொருத்தம்." அவ்வளவுதான் பேசினார். அந்தக் கிழமையே போய்விட்டார்.

மிச்சத்தைக் கொட்ட மனம் வரவில்லை. போத்தல் வாய்க்குத் துணியைக் கட்டிக் குசினி மூலையில் வைத்தேன்; அது நன்றாகப் புளித்து வினாகிரியாகிவிட்டது. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து ஊருக்குச் சாப்பாடு கொடுத்தபோது, அந்தப் புளிப்பை ஊற்றி வெங்காயமும் மிளகாயும் போட்டு அச்சாறு போட்டேன். எல்லோரும் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்கள். எங்கே வாங்கின வினாகிரி என்று ஒருவர் கேட்டார்.

"அண்ணை அனுப்பினது," என்றேன்.

"குடுத்துவைச்ச மனிசன். நல்ல பிள்ளையைப் பெத்திருக்கிறார்," என்று சொல்லி அவர் இலையை மடித்தார்.