மூன்று பேர் ஏறியதும் மூச்சு வாங்கிய கார்

போன செவ்வாய்க்கிழமை மாலை, ஆம்பூர் மேம்பாலத்தில் என் கார் நடந்து போனது.

ஆமாம், நடந்துதான். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கிறேன். இன்ஜின் உறுமுகிறது. வேகம் மட்டும் நாற்பதைத் தாண்டவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனிலேயே என்னைத் திட்டி முடித்துவிட்டு முந்திக்கொண்டு போனார்.

காருக்குள் என்னைத் தவிர மூன்று பேர். எங்கள் ஷூ கம்பெனியின் தையல் லைனில் வேலை பார்க்கும் ஸ்டெல்லா அக்காவும் அவருடைய தோழிகள் இருவரும். கம்பெனி பஸ் ரிப்பேர். அதனால், நான் வேலூரில் வீட்டுக்குப் போகும் வழியில், பள்ளிகொண்டா வரை என்னோடு வந்தார்கள்.

"இன்னா மேடம், நாங்க எறங்கித் தள்ளட்டுமா?" என்றார் ஸ்டெல்லா அக்கா.

"மொதல்ல நீ எறங்கு. உன் வெயிட்டுதான் ஜாஸ்தி. வண்டி அழுவுது பாரு!" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல்.

ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். கார் வாங்கி இரண்டு வருடம்... அதன் உள்ளே நான்கு பேர் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

இறங்கும்போது ஸ்டெல்லா அக்கா சொன்னார்: "நாளைலேர்ந்து பஸ்ஸு வந்துடும் மேடம். எங்களால உங்களுக்கு இன்னாத்துக்கு பேஜாரு?"

மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

காரணம் இருக்கிறது. நான் அதே கம்பெனியில் தர ஆய்வு இன்ஜினியர். அவர்கள் தைப்பதில் குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். ஐந்து மாதத்துக்கு முன்பு, சேர்ந்த புதிதில், கேன்டீனில் அவர்கள் மேஜையில் போய் உட்கார்ந்தேன். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. பேச்சே நின்றுவிட்டது, அவ்வளவுதான். மூன்றாம் நாளிலிருந்து நான் போகவில்லை.

அவர்களை மறுபடி என் காரில் ஏற்ற வேண்டும். அதற்கு என்ன செய்யலாம்? மனிதர்களைச் சரி செய்ய எனக்குத் தெரியாது. காரைச் சரி செய்யத் தெரியும்.

வழக்கம்போல லிஸ்ட் போட்டேன். டயரில் காற்று – சரி. பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா – இல்லை. கிளட்ச் வழுக்குகிறதா – இல்லை. ஸ்பார்க் பிளக் – கழற்றிப் பார்த்தேன், சுத்தம். பெட்ரோல் – பங்க் மாற்றிப் போட்டாகிவிட்டது. ஏர் ஃபில்டர் – மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை, எனவே டிக். எல்லாம் சரியாக இருந்தும் இழுக்கவில்லையென்றால்...?

சனிக்கிழமை வேலை முடிந்ததும் ஆம்பூரிலேயே ஒரு மெக்கானிக்கிடம் போனேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. லிஸ்டை வாங்கி மேலிருந்து கீழே படித்தார்.

"சூப்பரா எழுதியிருக்கீங்க மேடம். ஃபில்டர தொறந்து பாத்தீங்களா?"

"அது புதுசு பாய்."

அவர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளைத் தட்டித் திறந்தார். உள்ளே ஃபில்டர் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில், பூனை முடி போல மெத்தென்று ஏதோ அடைத்திருந்தது. அவர் கிள்ளி முகர்ந்தார்.

"தோல் தூசி. வண்டிய எங்க நிறுத்துறீங்க?"

"கம்பெனி பின்னாடி. பஃபிங் ஷெட் பக்கத்துல." தோலைத் தேய்த்து மழமழப்பாக்கும் இடம் அது. தூசியை மின்விசிறி வெளியே தள்ளும். அங்கே யாரும் வண்டி விடமாட்டார்கள்.

"நிக்கிற வண்டி தூசி இழுக்காதே மேடம். ஸ்டார்ட்ல வுட்டு வைப்பீங்களா?"

பதில் சொல்லாமல் தப்பிக்க முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை.

"மத்தியானம்... ஏசி போட்டுக்கிட்டு உள்ள உக்காந்து சாப்பிடுவேன்."

"டெய்லியா?"

"டெய்லி."

"யாரோட?"

"நான் மட்டும்தான்."

அவர் ஃபில்டரைத் தரையில் தட்டினார். ஒரு கைப்பிடித் தூசி கொட்டியது. "இத லிஸ்ட்ல எழுதலியே மேடம்" என்றார்.

புது ஃபில்டர் போட்டு, காற்று உள்ளே போகும் பாதையையும் சுத்தம் செய்து கொடுத்தார். மேம்பாலத்தில் கார் பறந்தது. ஐந்து மாதமாக ஏன் எனக்குத் தெரியவில்லை? ஒற்றை ஆளை மட்டும் ஏற்றிக்கொண்டு, சமதளத்தில் மெதுவாகப் போகிற வண்டி ஏறக்குறைய ஒழுங்காகத்தான் ஓடும். குறை வெளியே வர, கூட மூன்று பேர் ஏற வேண்டும்.

வழக்கத்தைவிடச் சீக்கிரம் வேலூர் வந்துவிட்டேன். சீக்கிரம் வந்து என்ன செய்வது? வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைத்து, கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

திங்கள்கிழமை டிபன் பாக்ஸோடு கேன்டீனுக்குள் போனேன். மேஜையில் பேச்சு நின்றது. இந்த முறை எழுந்து போகவில்லை.

"வண்டி ரெடியாயிடுச்சு அக்கா. சாயங்காலம் வர்றீங்களா?"

"பஸ்ஸு வந்துடுச்சே மேடம்" என்றார் ஸ்டெல்லா அக்கா.

அவ்வளவுதான். தலையைக் குனிந்து பாக்ஸைத் திறந்தேன். எலுமிச்சை சாதம். கேட்காமலே ஒரு கை நீண்டு ஒரு பிடி எடுத்தது.

"இன்னா மேடம் இது, உப்பே இல்ல!" என்றார் ஸ்டெல்லா அக்கா. "எங்க தையல்ல மட்டும்தான் கொற தெரியுமா உங்களுக்கு?"

மேஜை முழுக்கச் சிரித்தது. யாரோ உப்பு டப்பாவை என் பக்கம் தள்ளினார்கள்.

ஐந்து மாதமாக இதே சோற்றைத்தான் சாப்பிடுகிறேன்... உப்பு கம்மி என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது.