மூலையில் மூன்று நாள்

ஸ்ரீரங்கத்தில் இன்றுதான் ஐப்பசி மழை பிடித்தது. மின்விசிறியை நிறுத்தினேன். சன்னல் வழியாக ஈரச் சுவரின் வாடை வந்தது. ஆடிக் காற்றில் இதே சன்னல் ஓயாமல் அடித்துக்கொண்டபோது, கட்டிலில் கிடக்கும் அம்மாவுக்குத் "தண்ணி" என்ற ஒரு சொல்லாவது மிச்சமிருந்தது. பக்கவாதம் மற்ற எல்லாச் சொற்களையும் கொண்டுபோயிருந்தது. புரட்டாசியில் அதுவும் நின்றது. இனிப் பேச்சு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் இன்னும் காத்திருக்கிறேன். படித்தவள் செய்கிற காரியமா என்று நீங்கள் கேட்கலாம்.

ஈரச் சுவர் வாடை என்றால் எனக்கு அரியமங்கலம் வீடுதான். ஒற்றை அறை. சுவருக்கு அந்தப் பக்கம் லேத் பட்டறை. இந்தப் பக்கம் அப்பா, தம்பி, அப்பாவின் அக்கா, டிவி. நான் புத்தகத்தை விரித்ததும் யாருக்காவது தாகமெடுக்கும், அத்தைக்குக் கால் வலிக்கும். மாதத்தில் மூன்று நாள்தான் விடுதலை. வீட்டுக்கு விலக்கு என்று குளியலறை ஓரத்து மூலையில் தனிப் பாய், தனித் தட்டோடு உட்கார வைப்பார்கள். எதையும் தொடக்கூடாது, யாரும் வேலை ஏவமாட்டார்கள். மற்றப் பெண்கள் அழுவார்கள். நான் படிப்பேன்.

அம்மா இதைக் கவனித்திருக்கிறாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிய பங்குனியில் ஒரு நாள், எனக்கே தெரியாத சேதியை வீட்டில் அறிவித்தாள்.

"பாப்பா உக்காந்துட்டா."

அத்தை விடவில்லை. "ஏன்டி, போன வாரந்தான எந்திரிச்சா?"

"வயசுப் புள்ளைக்கு முன்னப்பின்ன வரும் அண்ணி."

"என்ன முன்னப்பின்ன? ஒடம்புல சத்தே இல்ல அவளுக்கு."

அத்தை உளுந்தங்களி கிண்டத் தொடங்கினாள். இல்லாத நோய்க்கு அந்தப் பங்குனி முழுக்கக் களி தின்றேன். பரீட்சை முடிந்தபோது பாவாடைக் கொக்கி எட்டவில்லை.

அம்மா பள்ளிக்கூடமே போகாதவள். பொய்யில் மட்டும் கறார். வீட்டில் யாரும் இல்லாதபோதுகூடத் தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் நகர்வாள்.

"யாரும் இல்லையேம்மா, கையில குடேன்."

"இப்பக் குடுத்துப் பழகுனா, ஒங்க அத்தை முன்னாடியும் மறந்து கைய நீட்டிருவேன். நீ படி."

படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது இன்றும் கழுத்து கொஞ்சம் நிமிரும். கல்லூரியில் விலக்கு வழக்கத்தை எதிர்த்துப் பேசிக் கோப்பைகூட வாங்கினேன். எதைப் பற்றிப் பேசினேன் என்று கேட்ட அம்மா, வெகுநேரம் சிரித்தாள்.

"நல்லாத்தான் பேசிருக்க. அத்தை காதுல விழுந்துறாம பாத்துக்க."

அத்தை இறந்துவிட்டாள். பட்டறையை மூடிவிட்டார்கள். இந்த வீட்டில் எனக்கென்று தனி அறை இருக்கிறது, யாரும் வேலை ஏவுவதில்லை. இவ்வளவு அமைதியை வைத்துக்கொண்டு ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை.

சற்றுமுன் கட்டிலருகே போய், "அம்மா, மழ பெய்யுது" என்றேன். அவள் கண் என்னைத் தாண்டி எங்கோ நின்றது.

திரும்பி வந்து இதை எழுதினேன். அவள் சொன்னவை எல்லாம் ஒரு சொல் பிசகாமல் நினைவில் இருந்தன. எழுதியதைப் படித்துப் பார்க்கிறேன். எல்லாம் என் குரலில்தான் கேட்கின்றன.