தானாக எரிந்த கேமரா விளக்கு

சங்கரன்கோவிலில் தையல் கடை வைத்திருக்கிறேன். அளவெடுக்கும் அறையிலேயே டிசைன் காட்ட கம்ப்யூட்டர். அதில், பலர் சேர்ந்து இலவசமாகச் செய்து தரும் ஆப்பரேட்டிங் சிஸ்டம். வாரந்தோறும் அப்டேட் கேட்டுக்கொண்டிருந்தது, திடீரென்று கேட்பதை நிறுத்திவிட்டது. தொல்லை விட்டது என்றிருந்தேன்.

ஒரு நாள் ஒரு பெண்ணுக்கு ரவிக்கை அளவெடுக்கையில் அந்தக் கம்ப்யூட்டரின் கேமரா விளக்கு தானாக எரிந்தது. அவள் கவனிக்கவில்லை. அவள் போனதும் கம்ப்யூட்டர் கடை அண்ணாச்சியை வரவழைத்தேன்.

“இதச் செஞ்சவங்க ரெண்டாப் பிரிஞ்சு, முக்காவாசிப் பேரு புதுசா வேற ஒண்ணு செய்யப் போயிட்டாவ. ஒங்க பழசுல அப்டேட் அனுப்பி ஓட்டைய அடைக்க ஆளில்ல. அது வழியா எவனோ நெட்டுல உள்ள புகுந்து கேமராவப் போட்டிருக்கான்” என்றார்.

“எத்தன நாளாப் பாத்திருப்பான் அண்ணாச்சி?”

“அதெப்படிம்மா சொல்லுதது?”

சிஸ்டத்தை மாற்றி, கம்ப்யூட்டரை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அப்டேட் வராத வாரம் நானே விசாரிக்கிறேன். அந்தப் பெண்ணிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. இதை எழுதி அனுப்பும் இந்தப் பத்திரிகையை அவளும் வாசிப்பவள்தான்.