கட்டிலிலிருந்து தெரிகிற சரிவு

பள்ளத்தாக்கைப் பார்த்தபடி அமையும் பத்து அறைகளுக்குக் கட்டட வரைபடம் போட்டு முடித்த பிறகு, நான் கொஞ்ச நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன். ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகருக்குத் தெற்கே, ஆப்பிள் மரங்கள் நிற்கும் ஒரு சரிவில், பராமரிப்புத் தேவைப்படுகிறவர்கள் சேர்ந்து வாழ ஒரு வீடு. ஆளுக்கொரு அறை, எல்லோருக்கும் ஒரே சமையலறை. ஒரு மரத்தையும் வெட்டத் தேவையில்லை. வீட்டின் முதுகை மேட்டுக்குள் பதித்து, கூரையில் புல் வளர்த்து, தூரத்திலிருந்து பார்த்தால் வீடு இருப்பதே தெரியாதபடி வரைந்திருந்தேன். குறை சொன்னவர்களுக்கு நான் முகம் கொடுத்தும் பேசவில்லை.

வேலை தொடங்குமுன், புல்லில் முளையடித்துக் கயிறு கட்டி, அறைகளை அதே அளவில் காட்டினோம். பார்க்க வந்தவர்களில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். பாரிசவாதத்தில் விழுந்து ஒரு கை மட்டுமே அசைகிற கணவரை மூன்று வருடமாக வீட்டில் வைத்துப் பார்த்தவர். இருவரும் இங்கே குடிவருவதாக இருந்தார்கள்.

கயிற்றுக்குள் நின்று, "கட்டில் எந்த இடம், பிள்ளை?" என்று கேட்டார். காட்டினேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஈரப் புல்லில் அப்படியே படுத்துவிட்டார்.

"அக்கா, உடுப்பு நனையுது, எழும்புங்கோ."

"பொறுங்கோ. தோட்டம் எங்கை வரும்? அங்கை போய் நில்லுங்கோ."

தோட்டம் வீட்டுக்குக் கீழே, பள்ளத்தாக்குப் பக்கம். போய் நின்றேன்.

"உங்களைத் தெரியேல்லை. வானம்தான் தெரியுது."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஊரே மெச்சிய காட்சி அது. திரும்பி வந்தபோது படுத்தபடியே சொன்னார்: "நான் கண்ணிலை படாட்டி அவர் பதறிப் போடுவார். கத்துவார். மூண்டு வருஷமா குப்பை போட மட்டும்தான் வெளியாலை போறனான். இஞ்சை வந்தால் கொஞ்சம் மண் கிண்டலாம் எண்டு நினைச்சன்."

நானும் பக்கத்தில் படுத்தேன். கட்டில் உயரத்தைக் கூட்டிப் பார்த்தாலும் வானம்தான். எழுந்து நிற்க முடிந்தவளாகவே எல்லாவற்றையும் வரைந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. தலையை மறுபக்கம் திருப்பினேன். அங்கே மேடு, அதில் ஆப்பிள் மரங்கள், அடியிலிருந்து நுனிவரை.

வரைபடத்தில் வீட்டை மேட்டிலிருந்து முன்னுக்கு இழுத்தேன். அறைகளை மேட்டைப் பார்க்கத் திருப்பி, ஜன்னல்களைத் தரைவரை இறக்கி, தோட்டத்தை மேலே கொண்டுபோனேன். பள்ளத்தாக்குக் காட்சி சமையலறைக்குப் போயிற்று. இப்படியொரு காட்சியை யாராவது கைவிடுவார்களா என்று என் முதலாளி குதித்தார். அவரையும் கூட்டிப் போய்ப் புல்லில் படுக்கவைத்தேன். எழுந்ததும் புது வரைபடத்தில் கையெழுத்துப் போட்டார்.

வீடு கட்டி முடிந்து அவர்கள் குடிவந்தபின், போன கோடையில் அந்த அறைக்குப் போனேன். ஜன்னலுக்கு வெளியே, மேட்டில் அக்கா போஞ்சிக் கொடிகளுக்குத் தடி ஊன்றிக்கொண்டிருந்தார். அவர் கணவர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், கட்டிலில் அமைதியாகப் படுத்திருந்தார். நான் ஜன்னலருகே போய், என் கைவேலையை ரசித்துக்கொண்டு நின்றேன். பின்னால் கட்டில் சட்டத்தில் யாரோ தட்டும் சத்தம். திரும்பினேன். அண்ணை, அசைகிற அந்த ஒரு கையால், விலகு என்று சைகை காட்டினார்.

விலகினேன். கை அடங்கியது.