ஒடுங்கிய தூக்குப்போசி

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது நான்கு. நாலாமவன் என் வயிற்றில் பிறக்கவில்லை. ஆனாலும் அவனுக்கு முதல் பல் முளைத்தது என் மடியில் வைத்துத்தான். அவன் புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருக்கிறது. அதைப் போட்டதும் நான்தான். போட்டது இந்த எவர்சில்வர் தூக்குப்போசியால். இப்போது இதில் பால் வாங்குகிறோம். ஒரு பக்கம் நன்றாக ஒடுங்கிப்போனதால் மூடி சரியாக உட்காருவதில்லை, வழியெல்லாம் பால் சிந்துகிறது. "இதத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கலாம் ஆத்தா" என்று பேத்தி சொல்லாத நாளில்லை. போடமாட்டேன். ஏன் என்பதை என் கையாலேயே எழுதி வைக்கிறேன். இரண்டாம் வகுப்போடு நின்றவள், எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும், எனக்கு அவசரமில்லை.

அவனைப் பெற்றவள் என் சிநேகிதி. நான் அவளை அம்மிணி என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். குமாரபாளையத்தில் ஒரே தறிப்பட்டறையில் அடுத்தடுத்த தறியில் நின்றவர்கள் நாங்கள். குடியிருந்ததும் அடுத்தடுத்த லைன் வீட்டில். பிள்ளைகள் வந்த பிறகு ஷிப்டை மாற்றிக்கொண்டோம். அவள் தறிக்குப் போனால் அவள் மகன் என்னிடம், நான் போனால் என் மூன்றும் அவளிடம். அவள் புருஷன் சீக்கிரமே போய்விட்டான். அழுது முடித்த கையோடு தறிக்கு வந்து நின்றவள் அவள்.

விசைத்தறி ஓடும் பட்டறைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் எங்களுக்குக் கையும் உதடுமே பேச்சு. விரலைக் குறுக்கே இழுத்தால் நூல் அறுந்துவிட்டது. இரண்டு உள்ளங்கையையும் கீழே அழுத்தினால் தறியை நிறுத்து. விரல்களை மூடி முகத்துக்கு நேராகத் தெறிக்கவிட்டால், நாடா தெறிக்கப் போகிறது, குனி என்று அர்த்தம். நாடா என்பது நூலைச் சுமந்துகொண்டு தறிக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாயும் கட்டை. இரு முனையிலும் இரும்புக் கூர். அது தறியை விட்டுப் பறந்து வந்து எங்களோடு நின்ற ஒருத்தியின் கண்ணைக் கொண்டுபோனதை நாங்கள் இருவரும் பார்த்திருக்கிறோம். அதனால் அந்தச் சைகையைக் கண்டால் யோசிக்காமல் உடம்பு குனியும். அத்தனை வருஷச் சத்தத்தில் எனக்குக் காது பாதி போயிற்று, அவளுக்கு முக்காலே மூணு வீசம் போயிற்று.

அவள் மகனுக்குச் சேலத்தில் லாரி ஸ்பேர்பார்ட்ஸ் கடை நன்றாக நடந்தது. தாயைக் கூட்டிப் போய் வைத்துக்கொண்டான். எனக்குப் பெருமையாக இருந்தது. மாம்பழக் காலத்தில் ஒரு வாரம் வந்து இருக்கச் சொன்னான், போனேன். ராஜமரியாதைதான். கூடை கூடையாக மல்கோவா வாங்கிப் போட்டான். ஆனால் எங்கள் இருவரையும் தனியாக விடவில்லை. டிவியின் முன்னால் உட்கார்ந்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருப்பான். அம்மிணியின் காதோரம் கன்றிப்போயிருந்தது. கேட்டேன். "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்க்கா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். மருமகள் எப்போதோ விட்டுப் போயிருந்தாள். அதையும் கேட்டேன். "அவளுக்கு இருக்கக் குடுத்து வைக்கல பெரியம்மா" என்றான் அவன்.

ஊருக்குக் கிளம்பும் நாள். "சுத்திப் பாக்காமப் போனா எப்படிங்க பெரியம்மா? ஏற்காடு போலாம்" என்று அவன் வண்டியை எடுத்தான். அந்த வாரம் முழுக்க எதற்கும் வாய் திறக்காதவள், "மலை வேண்டாம், மேட்டூர் போலாம். டேமுல தண்ணி உட்டிருக்காங்களாம்" என்றாள். நான் புளிச்சோறு கிளறி இந்தத் தூக்குப்போசி நிறைய அடைத்து எடுத்துக்கொண்டேன்.

மதகில் தண்ணீர் வெள்ளையாக நுரைத்து விழுந்துகொண்டிருந்தது. இரைச்சல் என்றால் அப்படி ஓர் இரைச்சல். நாற்பது தறி ஒன்றாக ஓடுவது போல. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் காதோடு காது வைத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் இருவருக்கும் பழைய பட்டறைக்குள் நுழைந்த மாதிரி ஆகிவிட்டது. மகன் கொஞ்சம் தள்ளி நின்று செல்போனில் படம் பிடித்தான். அம்மிணி கம்பித் தடுப்பைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினாள். கண்ணால் மகனைக் காட்டினாள். விரல்களை மூடி, தன் முகத்துக்கு நேராகத் தெறிக்கவிட்டாள்.

நான் குனிந்துவிட்டேன், பழக்கத்தில். நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. உதட்டை அசைத்துக் கேட்டேன்: தினமுமா? தலையை ஆட்டினாள். எதுக்கு? காதைத் தொட்டுக் காட்டினாள். கூப்பிட்டால் காதில் விழுவதில்லை, வேண்டுமென்றே திரும்பாமல் இருக்கிறாள் என்று அடிக்கிறான். அதுவும் அந்தக் காதிலேயே. மேட்டூரை எதற்குக் கேட்டாள் என்று அப்போதுதான் புரிந்தது. அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவள் என்னிடம் பேச, ஜில்லாவிலேயே அந்த ஓர் இடம்தான் இருந்தது.

அவள் இரண்டு உள்ளங்கையையும் கீழே அழுத்தினாள். தறியை நிறுத்து.

எங்கள் கை ஆடுவதை யாரோ இருவர் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அது அவனுக்குப் பொறுக்கவில்லை. பின்னாலிருந்து கூப்பிட்டானாம். அந்தச் சத்தத்தில் யாருக்குத்தான் கேட்கும்? விடுவிடென்று வந்தான். "செவுட்டு முண்டமே, ஊரு சிரிக்குது" என்று அவன் உதடு சொன்னதை நான் படித்தேன். படிப்பதற்குள் அடி விழுந்தது. அவள் நெற்றி போய்க் கம்பியில் மோதி, ரத்தம் மூக்கு வழியாக இறங்கியது. ஈ ஓட்டுகிறவன் மாதிரி கையை மறுபடி ஓங்கினான்.

தூக்குப்போசியை ஒரு சுற்றுச் சுற்றி அவன் முகத்தில் விட்டேன். மூடி பறந்தது. சோறு எங்கள் எல்லார் மேலும் விழுந்தது. அவன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான், எலும்பு முறிந்தது உடம்புக்குள்ளேயே கேட்டது. மற்ற கைக்கு மாற்றி இன்னொன்று விட்டேன், காதோடு சேர்த்து. அப்படியே உட்கார்ந்துவிட்டான். புருவம் பிளந்து கண்ணுக்குள் ரத்தம்.

"பெரியம்மா... என்னையவா?"

குனிந்து அவன் காதில் கத்தினேன்: "கேக்குதாடா? இப்பக் கேக்குதாடா உனக்கு?"

கூட்டம் கூடியது. போலீஸ்காரர் ஒருவர் வந்து, "ஏம்மா, என்னம்மா சண்டை?" என்று அம்மிணியிடம் கேட்டார். நெற்றியை முந்தானையால் அழுத்திக்கொண்டு, "காது கேக்காதுங்க சாமி" என்றாள். இரண்டாம் தடவை கேட்டதற்கும் அதையே சொன்னாள். அவர் சலித்துப்போய் எங்களை விட்டுவிட்டார். கட்டிய புடவையோடு என்கூடவே பவானி பஸ் ஏறினாள். பஸ்ஸில் அவள் அழவில்லை. என் ரவிக்கையில் ஒட்டிய பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல்க்கா" என்றாள். வீங்கின கையோடு சிரித்தேன்.

தாயையும் மகனையும் பிரித்துவிட்டேன் என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். பேசட்டும். ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: பட்டறைச் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது என்று, பட்டறைப் பக்கம் வந்த பிள்ளைகளை முதுகில் அறைந்துதானே திருப்பினீர்கள், ஓடுகிற தறி பெல்ட்டுப் பக்கம் போனால் அடித்துத்தானே இழுத்தீர்கள், அதைத்தானே அவன் கற்றான் என்று. உண்மை, அறைந்தோம். ஆனால் என் மூன்றும் அதே கையில் அறை வாங்கித்தான் வளர்ந்தன. அதுகள் யார் மேலும் கைநீட்டவில்லை. அவரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் போன பிறகு வெகுநேரம் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை.

போன மாதம் அவன் வாசலில் வந்து நின்றான். தலை நரைத்திருந்தது. "அம்மாவ அனுப்பி வைங்க பெரியம்மா" என்றான். நான் அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினேன். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான் இல்லை. அம்மிணி அடுப்படியிலிருந்து வந்தாள். அவனுக்குக் காப்பி கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள். பிறகு டம்ளரை வாங்கிக்கொண்டு, இரண்டு உள்ளங்கையையும் கீழே அழுத்திக் காட்டிவிட்டு உள்ளே போனாள். அவனுக்கு அந்தப் பேச்சு தெரியாது. என்னைப் பார்த்தான். நான் அர்த்தம் சொல்லவில்லை.

இப்போது இந்தத் தூக்குப்போசியில் காலையில் பால் வாங்கி வருவது அவள்தான். என் மணிக்கட்டு கோணலாகவே கூடியதால் கனம் தாங்காது. சிந்துகிற பாலைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கு அது போதும்.

பேத்தி, என் சாமி, எழுதினதை இங்கே கொண்டுவந்து முதலிலிருந்து வாசி. எனக்காக மட்டும் வாசிக்காதே. அவளைப் பின்னாலிருந்து தொடாதே, தூக்கிவாரிப்போடும் அவளுக்கு. சுற்றிக்கொண்டு முன்னால் போய் நில். அவள் உன் உதட்டைப் பார்த்த பிறகு ஆரம்பி.