குளக்கட்டில் சொன்ன கதை

எங்கள் குளத்தின் கட்டு ஒரு மாரி விடியலில் உடைந்தபோது நான் ஆசிரியப் பயிற்சிக்காகப் புதுக்குடியிருப்பில் நின்றேன். மூன்றாம் நாள்தான் ஊருக்கு வர முடிந்தது. மகள் உயிரோடிருந்தாள். என்ன நடந்தது என்று கேட்டால், "அப்பாவைக் கேளுங்கோ" என்பாள். என் கணவரைக் கேட்டால், "பிள்ளை இருக்குதுதானே, விடும்" என்பார்.

பிறகு அவர் கட்டு அடைக்கும் வேலைக்குப் போனார். அங்கே பெரும்பாலும் மலையகத்திலிருந்து வந்து குளத்தடியில் முன்பே குடியேறியிருந்தவர்கள். பகல் முழுக்க இடுப்பளவு தண்ணீரில் நின்று மண்மூட்டை அடுக்குவார்கள். வேலை விட்டதும் அவர்களே காய்ச்சிய கசிப்புச் சாராயம். ஒரே சிரட்டைதான் கைமாறும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் கதைப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கசிப்பு மணம் எங்கள் வீடு வரை வந்தது. கதை வரவில்லை.

ஒருநாள் அவர்களுக்குச் சமைக்கும் பெண் கிணற்றடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், மக கை நழுவிப்போன கதைய ஐயா சொன்னப்ப எங்காளுங்க அத்தன பேரும் அழுதுட்டாங்க."

தெரிந்ததுபோலத் தலையாட்டினேன். என் மகளின் கை நழுவியது இவளுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. அவர் வேறொரு பெண்ணிடம் போயிருந்தால்கூட எனக்கு அப்படி எரிந்திருக்காது.

மறுநாள் ஊர் அதிகாரியான விதானையாரிடம் போய், குடியால் ஊர் கெடுகிறது என்று முறையிட்டேன். அன்று பின்னேரமே கசிப்புப் பானைகளை உடைத்துவிட்டார்கள்.

அவர் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தார். கதிரையில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"நீரோ விதானையிட்டச் சொன்னது?"

"ஓம். உங்கட உடம்பு பழுதாப்போகும் எண்டுதான்..."

"பொய் சொல்லாதையும்."

"அவையளுக்குச் சொன்னதை எனக்கேன் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்ல? நான் பிள்ளையின்ர கையை விட்டிட்டன். பிடிச்சு மரத்தில ஏத்தினது அவங்கள்ல ஒருத்தன். அவங்கள் எல்லாம் பாத்தவங்கள். அவங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை."

எத்தனையோ நாள் காத்திருந்தது அந்தக் கதைக்காகத்தான். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"ஏன் விட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் எழும்பிக் குளக்கட்டுப் பக்கம் நடந்தார். அங்கே குடிக்க ஒன்றும் மிச்சமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.